தண்டட்டி போட்ட லோகோ

ஒரு கிழவியின் காதை வரைந்து நான் பரிசு வாங்கினேன். அந்தப் படத்தால் அவருக்கு மலை வேலை போயிற்று. போனது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இந்த மூன்றில் முதலாவது என்னை அறிந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான். மற்ற இரண்டையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வடிவமைப்புப் படித்தவள். கம்பெனிக்கு லோகோ போடுவது, பொருளுக்கு அட்டைப்பெட்டி வரைவது, கடைக்குப் பெயர்ப்பலகை எழுத்து அமைத்துக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. கல்லூரியில் கடைசி ஆண்டுக்கு முந்தின ஆண்டு எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. லாப நோக்கமில்லாமல் யாருடைய உரிமைக்காவது குரல் கொடுக்கும் ஓர் அமைப்பைத் தேடிப் பிடித்து, அதற்கு லோகோவில் தொடங்கி லெட்டர்பேட், நோட்டீஸ், பேனர் வரை முழு அடையாளத்தையும் செய்து தர வேண்டும். காசு வாங்கக் கூடாது. மதிப்பெண் உண்டு.

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சாலையில் உட்கார்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 20 சதவீதம் போனஸ் கேட்டு, சங்கத்து ஆண் தலைவர்களைப் பக்கத்தில் அண்ட விடாமல், 'பெம்பிளை ஒருமை' என்று நின்ற பெண்கள். பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். கேட்டதையும் வாங்கினார்கள்: 8.33 சதவீதம் போனஸாக, மிச்சம் 11.67 சதவீதம் கருணைத் தொகையாக. எங்கள் வகுப்பில் அந்தப் படங்களைத் திரையில் போட்டு மணிக்கணக்காகப் பேசினோம். லோகோ எதையும் வைத்துக்கொண்டு கிளம்பியவர்கள் அல்ல அவர்கள். அது எங்களுக்கு ஒரு குறையாகத்தான் பட்டது.

அந்தச் சூட்டில் எங்கள் குழு சிலமலைக்கு வந்தது. போடியிலிருந்து தேவாரம் போகும் வழியில் இருக்கிற ஊர். மேற்கே மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் ஏலத்தோட்டங்கள். விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு ஊசி வளைவுகளைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று போய் இறங்கி, பொழுது சாயத் திரும்புகிற பெண்கள் இந்த வட்டாரத்தில் ஊருக்கு ஊர் உண்டு. அப்படிப் போகிறவர்களுக்காக ஒரு சிறு அமைப்பு இருந்தது. பெயர் வேண்டாம். ஒரு வீட்டுத் திண்ணையும் ஒரு தகரப்பெட்டியும்தான் அலுவலகம். செயலாளர் அக்கா தானும் வருஷக்கணக்கில் காய் எடுக்கப் போனவர். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது மலையிலிருந்து அரண்டுபோய் இறங்கி வந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். நமக்கென்று கேட்க நாதியில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது என்பார்.

அவர்கள் என்னென்ன கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஏனென்றால் நாங்கள் அதைக் காதில் சரியாக வாங்கவே இல்லை. ஜீப்பில் ஆட்டுமந்தையாக அடைத்து ஏற்றக் கூடாது. மருந்தடித்த தோட்டத்தில் மறுநாளே ஆள் இறக்கக் கூடாது. வழியில் வண்டி கவிழ்ந்தால் யார் பொறுப்பு என்பதை முன்னாலேயே எழுதித் தர வேண்டும். அப்போது நடப்பில் இருந்த 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் ஏலமும் சேர்ந்துதான் இருந்தது. ஆனால் 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்பு, 15 பேரும் அதற்கு மேலும் ஆள் என்று இருக்கிற தோட்டத்துக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. 50 பெண்கள் வேலை செய்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. ஜீப்பில் போகிறவர்களோ இன்றைக்கு ஒரு துண்டுத் தோட்டம், நாளைக்கு இன்னொன்று. எந்தப் பதிவேட்டிலும் பெயர் கிடையாது. பெயர் இல்லாதவர்களுக்குச் சட்டம் எங்கே வந்து சேரும் என்று அக்கா கேட்டார். நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். பிரசன்டேஷனுக்கு நல்ல வரி என்று தோன்றியது.

எங்களிடம் அவர் கேட்டது இவ்வளவுதான்: "ஒரு ரப்பர் ஸ்டாம்பு, ஒரு லெட்டர்பேடு, மஞ்சத்தாள்ல அடிச்சாலும் தெளிவாத் தெரியற மாதிரி ஒரு நோட்டீசு. கலெக்டர் ஆபீஸ்ல மனுக் குடுக்கப் போனா, எந்தச் சங்கம்மா நீங்கன்னு கேக்குறாக. ஒரு முத்திரை இருந்தாப் போதும் பாப்பா."

ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை. நாங்கள் ஒரு பருவம் முழுக்க எடுத்துக்கொண்டோம்.

முதலில் நாங்கள் வரைந்து காட்டிய படத்தில் ஒரு பெண் முதுகில் கூடையோடு நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். திண்ணையில் இருந்த பெண்கள் தாளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். "இது டீக்காரியில்ல?" என்றார் ஒருவர். நாங்கள் யாரும் அதுவரை ஏலச்செடியைக் கண்ணால் பார்த்ததில்லை. அக்காதான் பூப்பாறைப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் சின்னத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்.

செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது, மர நிழலில். அண்ணாந்து பார்த்தால் காயே இல்லை. காய் அடியில் இருக்கிறது. தூரிலிருந்து கிளம்புகிற சரம் தரையை ஒட்டிப் படர்ந்தோ சற்றே நிமிர்ந்தோ கிடக்க, அதில்தான் காய். ஒரே சரத்தில் பூ, பிஞ்சு, முற்றிய காய் மூன்றும் இருக்கும்; முற்றியதை மட்டும் விரலால் தேடி எடுக்க வேண்டும். பிஞ்சைக் கிள்ளினால் ஏச்சு விழும். அதனால் நாள் முழுக்கக் குத்தவைத்தே தூருக்குத் தூர் நகர வேண்டும், ஈர இலைச்சருகுக்கும் அட்டைக்கும் நடுவில். அந்தத் தோட்டத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தவர் மேற்பார்வை பார்த்தவர் ஒருவர்தான். அப்புறம் வேடிக்கை பார்த்த நாங்கள். பறித்த பச்சைக்காய் ஸ்டோருக்குப் போய், சூட்டில் உலர்ந்து, சலித்துத் தரம் பிரிந்து போடிக்கு ஏலத்துக்கு வரும்போது அதற்கு எட்டு மில்லி, ஏழு மில்லி என்று அளவும் பேரும் வந்துவிடுகிறது. குனிந்தவர்களுக்கு எதுவும் வருவதில்லை.

அங்கேதான் நான் அம்மாச்சி என்று கூப்பிட்ட அந்தக் கிழவியைப் பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு. துண்டுக்குக் கீழே, தோள் தொடுகிற மாதிரி வளர்த்த காது. காதில் தண்டட்டி. சதுரம், உருண்டை, முக்கோணம் என்று ஒன்றோடொன்று முட்டி நிற்கிற தங்க வடிவங்கள், உள்ளே அரக்கு. 1919-இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளி அடிப்படை வடிவங்களைக் கொண்டு என்னென்னவோ செய்தது என்று எங்களுக்கு ஒரு பாடம் முழுக்க நடத்தியிருந்தார்கள். அதற்கெல்லாம் முன்பிருந்தே நம் ஊர்த் தட்டார் அடித்துக் கொடுத்த வடிவங்கள் இந்தக் கிழவியின் காதில் ஆடுகின்றன என்று எனக்குப் புல்லரித்துப்போயிற்று. புல்லரிப்பில் தப்பில்லை. அடுத்து நடந்தது தப்பு.

"அம்மாச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"எடு தாயி. என் மூஞ்சிய வச்சு என்ன செய்யப் போற?"

"சும்மா, படிப்புக்கு."

என்ன செய்யப்போகிறேன் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். விளக்கிச் சொன்னால் வேண்டாம் என்பாரோ என்ற பயத்தில் சொல்லவில்லை. அவர் அந்த அமைப்பில் உறுப்பினர்கூட இல்லை. அன்றைக்குக் கூலிக்கு வந்தவர், அவ்வளவுதான். அதையும் நான் விசாரிக்கவில்லை.

லோகோ இப்படி வந்தது: பக்கவாட்டில் ஒரு பெண் தலை, தலைத்துண்டு, நீண்ட காது, அதில் தொங்கும் தண்டட்டியின் கடைசி உருண்டை ஏலக்காயாக மாறியிருக்கும். காய்க்கு இளம்பச்சையிலிருந்து கரும்பச்சைக்கு வழுக்கிக்கொண்டு போகிற நிறம். மயிரிழைக் கோடுகள். கீழே அமைப்பின் பெயர், முதலில் ஆங்கிலத்தில், அதற்கடியில் சின்னதாகத் தமிழில். புகைப்படத்தைக் கீழே வைத்து அப்படியே கோடு இழுத்ததால் அந்த நெற்றியும் மூக்கும் அம்மாச்சியின் நெற்றியும் மூக்கும்தான். இதோடு தடியாக ஒரு பிராண்ட் புத்தகம். துணிப்பையில் லோகோ, காப்பிக் குவளையில் லோகோ, டீ-ஷர்ட்டில் லோகோ. விடியற்காலையில் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களின் அமைப்புக்குக் காப்பிக் குவளை வரைந்தேன் என்பதை இப்போது எழுதும்போது கூசுகிறது. அப்போது அந்தப் பக்கத்துக்குத்தான் கைதட்டல் அதிகம்.

அக்கா பிரசன்டேஷனுக்கு வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்து இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, இதை ரப்பர் ஸ்டாம்பில் வெட்டினால் தெரியுமா. இன்னொன்று கேள்வியில்லை: "பாப்பா, நம்ம பக்கத்து ஜீப்புகள்ல தண்டட்டியோட ஏர்றது அவுக ஒருத்தருதான். இது யாரு காதுன்னு ஊருக்கே தெரியும்."

"இல்லக்கா, இது ஸ்டைலைஸ் பண்ணது. யாருன்னு கண்டுபிடிக்க முடியாது" என்றேன். பிறகு மேடைக்குத் திரும்பி, அமைப்பின் ஒப்புதலோடு செய்தது என்று ஜூரியிடம் சொன்னேன். ஜூரி அக்காவைப் பார்த்தது. அக்கா இத்தனை பேர் முன்னால் படிக்கிற பிள்ளையைக் காட்டிக்கொடுப்பானேன் என்று நினைத்திருக்க வேண்டும். தலையை மட்டும் அசைத்தார்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது. எனக்குப் பாடமே இதுதான். 1962-இல் கலிஃபோர்னியாவில் சீசர் சாவேஸ் பண்ணைக் கூலிகளைத் திரட்டியபோது அவர்களின் கொடிக்கு ஒரு கழுகு வரையப்பட்டது. அவருடைய தம்பி ரிச்சர்டு சாவேஸ் அதன் இறக்கைகளைப் படிக்கட்டு மாதிரி நேர்கோடுகளாக்கினார், கூலிக்காரர்கள் வீட்டிலேயே துணியில் வரைந்து வெட்டித் தைத்துக்கொள்ள வசதியாக. சிவப்புத் துணியில் கறுப்புக் கழுகு. யார் முகமும் கிடையாது. 1958-இல் பிரிட்டனில் அணுகுண்டு எதிர்ப்பு ஊர்வலத்துக்காக ஜெரால்டு ஹோல்டம் போட்ட வட்டமும் கோடுகளும் இன்று உலகத்துச் சமாதானச் சின்னம். சுண்ணாம்புக்கட்டி இருந்தால் எந்தப் பிள்ளையும் போடலாம், யாரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை. அவ்வளவு தூரம் ஏன், நம் ஊர்ச் சுவரெல்லாம் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் போதாதா? இந்தக் கழுகைப் பற்றித் தேர்வில் நான் ஒரு முழுப்பக்கம் பதில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

போடியில் இதைச் சொல்லித் தர ஒருவர் இருந்தார். பழைய சுவர் ஓவியர். ஃப்ளெக்ஸ் வந்தபின் தொழில் படுத்துப்போய், பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் லோகோவைச் சுவரில் எழுத எவ்வளவு ஆகும் என்று கேட்கப் போனோம். தாளை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார். 1989 தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா போடியில் சேவல் சின்னத்தில் நின்ற கதையைச் சொன்னார். புதுச் சின்னம், நாள் குறைவு. சுவர் சுவராகச் சேவல் ஏற வேண்டும். கொண்டை, வால், கால் மூன்று மட்டும் பிடிபட்டால் போதும், மற்றதை ஓட்டுப் போடுகிறவன் பார்த்துக்கொள்வான் என்று வரைந்து தள்ளினார்களாம். ஜெயித்தது ஊருக்குத் தெரியும். "உங்க படம் நல்லாருக்கும்மா. ஆனா இத நான் எழுதணும்னா ஒரு சுவத்துக்கு ஒரு நாளாகும். கூலி குடுக்க உங்க சங்கத்தால ஏலாது." நாங்கள் வெளியே வந்து, பெரியவருக்கு நவீன வடிவமைப்பு புரியவில்லை என்று பேசிக்கொண்டே டீ குடித்தோம்.

இனி வருவதுதான் எனக்கு எழுதக் கஷ்டமானது.

அக்கா அந்த லோகோவை எடுத்து வைத்துவிட்டார். பயன்படுத்தும் எண்ணமே இல்லை. ஆனால் எங்களுக்கு முழு மதிப்பெண் வேண்டுமென்றால், வடிவமைப்பு களத்தில் பயன்பாட்டில் இருப்பதைப் படம் எடுத்துச் சேர்க்க வேண்டும். கணினியில் ஒட்டுப்போட்ட மாக்-அப் செல்லாது. அதனால் நாங்களே காசு போட்டு ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் அடித்தோம். ஜீப்பில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றாதே என்ற கோரிக்கையைப் பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஆளுயரத்துக்கு லோகோ. விடியுமுன் ஜீப்புகள் ஆள் ஏற்றுகிற முக்கில், அக்காவிடம் சொல்லாமல், கட்டினோம். ஜீப் விளக்கொளியில் பெண்கள் அதைக் கடந்து போகிற மாதிரி அருமையான படங்கள் கிடைத்தன. எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டோம். ஃப்ளெக்ஸை அவிழ்க்கவில்லை.

சில நாள் கழித்து அக்கா போன் செய்தார். ஆள் ஏற்றுகிற ஜீப்காரர் அம்மாச்சியைப் பார்த்து, "ஏத்தா, நீயும் அந்தச் சங்கத்துல சேந்துக்கிட்டு எங்களுக்கு எதிரா நிக்கிறியாக்கும்" என்று கேட்டிருக்கிறார். அம்மாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்திருந்தாலும் தன் காது என்று நினைத்திருக்க மாட்டார். தன் காதைப் பக்கவாட்டில் யார் பார்க்கிறார்கள்? மறுநாளிலிருந்து ஜீப்பில் இடமில்லை. அடுத்த ஜீப்பிலும் இடமில்லை. இந்தத் தொழிலில் ஜீப் என்பது வெறும் வண்டி கிடையாது. எந்தத் தோட்டத்துக்கு எத்தனை ஆள் என்று பேசி, பொறுக்கிக் கூட்டிப்போகிறவரே ஜீப்காரர்தான். ஜீப்பில் இடமில்லை என்றால் மலையில் வேலை இல்லை என்று அர்த்தம். ஏன் என்று யாரும் எழுதிக் கொடுப்பதுமில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். "ஒரு எட்டு வந்துட்டுப் போ பாப்பா. நாங்க படிக்கிற புள்ளைக, தெரியாம வரைஞ்சிட்டோம், இவுகளுக்கும் சங்கத்துக்கும் சம்மந்தமில்லைன்னு ஜீப்காரர்ட்ட நீ ஒரு வார்த்தை சொன்னா நம்புவாரு. நாங்க சொன்னா நம்ப மாட்டாரு."

"வர்றேன்க்கா" என்றேன்.

போகவில்லை. கல்லூரிக் கண்காட்சிக்கு அந்த வேலை தேர்வாகியிருந்தது. இந்த விவகாரம் வெளியே தெரிந்தால் பரிசு போய்விடும் என்பது ஒரு கணக்கு. ஜீப்காரர் முன்னால் நிற்கப் பயம் என்பது இன்னொன்று. படிப்பு, பரீட்சை, வீட்டில் விட மாட்டார்கள் என்று மற்றக் காரணங்களை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா மறுபடி இரண்டொரு முறை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டது கைமறதியில் இல்லை. திரையில் அவர் பெயரைப் பார்த்துக்கொண்டே, மணி அடித்து ஓயும்வரை உட்கார்ந்திருந்தேன். என் குழுவில் இருந்த மற்றவர்களுக்கு இந்தப் போன் வந்ததே தெரியாது. அவர்கள் மேல் பழியில்லை.

பரிசு கிடைத்தது. அதைப் போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கத்தில் வைத்துத்தான் முதல் வேலைக்குப் போனேன். நேர்காணலில் இந்த லோகோவைப் பற்றிக் கேட்காதவர்கள் கிடையாது. ஏலத்தோட்டப் பெண்களோடு நாள்கணக்கில் இருந்து, அவர்கள் பார்வையிலிருந்து உருவாக்கியது என்று தடங்கலில்லாமல் சொல்வேன். ஒருமுறை, அந்த அம்மா இதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று ஒருவர் கேட்டார். "ரொம்ப சந்தோஷப்பட்டாங்க" என்றேன். பொய் அவ்வளவு சரளமாக வந்தது எனக்கே ஆச்சரியம்.

2019-இல் தேனியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், சிலமலைக்கும் போய் வந்தேன். அந்த ஆகஸ்டில்தான் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. வட்டாரமெல்லாம் அதே பேச்சு. அம்மாச்சி வீட்டு வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. போட்டோ எடுத்த பிள்ளை என்றதும் சிரித்தார். காது வெறுமையாக இருந்தது. பேத்தி கல்யாணத்துக்குத் தண்டட்டியை விற்றாயிற்றாம். மலைக்குப் போவதில்லையா என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன். "வயசாயிருச்சுல்ல தாயி. கெழவிய எவன் ஏத்துவான்? நூறு நாள் வேலைக்குப் போறேன், குடுக்கறப்பக் குடுக்குறாக" என்றார்.

வயதாகிவிட்டதால் விட்டுவிட்டார்கள் என்றுதான் அவர் நம்பியிருந்தார். அக்கா அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டியது என்று விட்டிருந்தார் போலும். அந்த வாசலில் உட்கார்ந்து நான் சொல்லியிருக்கலாம். மாறாக, கிளம்பும்போது கையில் கொஞ்சம் பணம் வைத்தேன். "நல்லாரு" என்று தலையைத் தொட்டார். எதற்கான பணம் என்று அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் வரும்போது மனசு லேசாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், மனசாட்சி ஒன்றும் தானாக விழிக்கவில்லை. நான் படித்த இடத்திலேயே மாணவர்களின் வேலையை மதிப்பிட என்னை ஜூரியாகக் கூப்பிட்டார்கள். முன்மாதிரி என்று பழைய வேலைகளைத் தொகுத்து அச்சிட்ட புத்தகம் ஒன்றை மாணவர்கள் கையில் கொடுத்திருந்தார்கள். முதல் பக்கங்களில் அம்மாச்சியின் காது. ஒரு மாணவி கூச்சத்தோடு எழுந்து, அவர்களிடம் அனுமதி எப்படி வாங்கினீர்கள் மேடம், படிவம் இருந்தால் காட்டுங்கள், நாங்களும் அப்படியே செய்கிறோம் என்று கேட்டாள். என்னிடம் படிவம் இல்லை, பதிலும் இல்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அங்கேயும் ஓட்டம்தான்.

அதன் பிறகு சிலமலைக்குப் போனேன். முதலில் அக்காவிடம். சங்கத்து நோட்டீஸ் ஒன்றை எடுத்துக் காட்டினார். மேலே ஒரு ஜீப், பக்கவாட்டில், அழுத்தமான கறுப்புக் கோட்டில். நாலைந்து இழுப்பில் போட்டது. போடிச் சுவர் ஓவியர் காசு வாங்காமல் வரைந்து கொடுத்ததாம். ரப்பர் ஸ்டாம்பிலும் அதுவே, தெளிவாக விழுகிறது. அதைப் பார்த்து ஒரு வடிவமைப்பாளராக எனக்குத் திருத்திச் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு அம்மாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோ, லோகோ, ஃப்ளெக்ஸ், ஜீப்காரர், அக்காவின் போன், நான் எடுக்காதது, பரிசு. குறுக்கே பேசாமல் கேட்டார். கண்ணீர் எனக்குத்தான் வந்தது; அதை அவர் பொருட்படுத்தவில்லை. வெகுநேரம் கழித்து, "அன்னைக்கே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு வருசம் போயிருப்பேன் தாயி. ஒடம்புல தெம்பு இருந்துச்சு" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை எழுதலாமா என்று கேட்டேன். இந்த முறை என்ன எழுதப்போகிறேன், எங்கே வரும், யார் யார் படிப்பார்கள் என்று விளக்கிச் சொல்லிக் கேட்டேன். பேர் போடக் கூடாது, படம் போடக் கூடாது என்றார். "அந்தக் காதுப் படம் எங்கெங்க கெடக்கோ, எல்லாத்தையும் எடுத்துரச் சொல்லு" என்றார்.

என் போர்ட்ஃபோலியோவிலிருந்து எடுத்துவிட்டேன். கல்லூரிக்கு நடந்ததை எழுதி, புத்தகத்தின் அடுத்த பதிப்பில் நீக்கும்படி கேட்டு, பரிசையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னால் எட்ட முடியாத பிரதிகள் இன்னும் உண்டு. என்னோடு படித்தவர்கள், அந்த ஆண்டு ஜூரியில் இருந்தவர்கள், வகுப்பில் காட்டுவதற்காக அந்தப் புத்தகத்தை வைத்திருக்கும் ஆசிரியர்கள் எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்: அந்த லோகோவை இனி யாருக்கும் காட்டாதீர்கள். கோப்பு இருந்தால் அழித்துவிடுங்கள், பக்கம் இருந்தால் கிழித்துவிடுங்கள். அது அவருடைய காது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.